4294967295-உம் பக்கத்து வீட்டு எண்ணும்

நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கணிதம் எடுத்திருக்கிறாள் என்றதும் எனக்கு உன்னைவிட சந்தோஷம். எனக்குக் கண்புரை அறுவை நல்லபடி முடிந்தது, பொடி எழுத்தெல்லாம் தெரிகிறது, அதனால் பழையபடி எண்களோடு உட்கார்ந்துவிட்டேன்.

4294967295-இல் அப்படி என்ன விசேஷம் என்று அவள் கேட்டிருந்தாளே, அதற்கு வருகிறேன். 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டுமே வருகிற 32 இடங்களில், அடங்குகிற மிகப் பெரிய முழு எண், இன்னும் ஒன்று கூட்டினால் சுழியத்துக்குத் திரும்பிவிடும் என்பதோடு கணினிக்காரர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அதைக் கையாலேயே வகுத்துப் பார்க்கச் சொல். இலக்கங்களின் கூட்டுத்தொகை 57, ஆக 3-ஆல் வகுபடும், வருவது 1431655765. அதை 5-ஆல் வகுத்தால் 286331153, பிறகு 17-ஆல் 16843009, 257-ஆல் 65537. அது பகா எண், வேலை முடிந்தது.

இப்போது 3, 5, 17, 257, 65537 என்று வரிசையாக எழுதிப் பார். எதை எடுத்தாலும் ஒன்றைக் கழித்து வர்க்கமாக்கி ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வந்துவிடும். எல்லாம் பகா எண்கள். இப்படியே எத்தனை தூரம் போனாலும் பகா எண்தான் வரும் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார், யார்தான் நம்பமாட்டார்கள்! ஆனால் அடுத்து வருவது 4294967297, நம் எண்ணுக்கு இரண்டே தள்ளி இருப்பது. அது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை காட்டிவிட்டார்.

வகுக்காமலே இதைப் பார்க்கலாம், எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 641 என்பது 5 × 128 + 1. அதே 641 என்பது 625 + 16-உம்கூட. முதலாவதன்படி 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 (641-க்கு ஒன்று குறைகிறது), அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1, அதாவது 625 × 2²⁸-க்கு மீதி 1. இரண்டாவதன்படி 625-க்குப் பதில் −16 போடலாம், 16 என்பது 2⁴. ஆக −2³²-க்கு மீதி 1, 2³² + 1-க்கு, அதாவது 4294967297-க்கு, மீதி சுழியம். அவ்வளவுதான்!

அப்புறம் பலகோணங்கள். அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்று கணிதர் காஸ் 1796-இல் கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்டவற்றில் அப்படி வரைய முடியும் என்று இன்றைக்குத் தெரிந்தவை 31தான், அந்த ஐந்து பகா எண்களைத் தனித்தனியாகவோ சேர்த்துப் பெருக்கியோ வருபவை. அவற்றில் மிகப் பெரியது நம் 4294967295! வரைந்தால் வட்டமாகத்தான் தெரியும் என்பது வேறு விஷயம். 65537 பக்கப் பலகோணத்துக்கு மட்டுமே ஹெர்மிஸ் என்பவர் பத்து வருடம் செலவழித்து, 1894-இல் முடித்தார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

அவளுக்கு ஒரு வேலை கொடு. 4294967297-ஐ 641-ஆல் வகுத்தால் 6700417 வரும், அது பகா எண்தானா? 2588 வரை எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டாம், 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருப்பவை போதும். அந்தச் சலுகை ஏன் என்பதையும் அவளே கண்டுபிடிக்கட்டும், நீ சொல்லிக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி