லைஃப் ஜாக்கெட் இருக்கைமேல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேனோ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகில் தனியாக மீன்பிடிக்கப் போவதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தார். விடியற்காலையில் தண்ணீர்மேல் ஆவி பறப்பதும், துடுப்பை எடுத்து வைத்துவிட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் படகு தானாக நகர்வதும் அனுபவித்தவருக்குத்தான் அப்படி எழுத வரும். என் குறை கூடவே வந்த படத்தைப் பற்றியது. படத்தில் இருப்பவர் படகில் எழுந்து நின்று தூண்டில் வீசுகிறார், அவருடைய லைஃப் ஜாக்கெட் மடித்து இருக்கைமேல் மெத்தை மாதிரி கிடக்கிறது. கட்டுரையின் கடைசியில் கொடுத்திருந்த பட்டியலிலும் தொப்பி, கூலிங் கிளாஸ் எல்லாம் வந்த பிறகுதான் ஜாக்கெட் வருகிறது, அதுவும் படகில் ஒன்று இருக்கட்டும் என்கிற மாதிரி. போன வாரம் அதற்குப் பதில் எழுதிய வாசகர் ஒருவரோ, தனியாகப் போவதையே தடை செய்ய வேண்டும் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இரண்டு பேரும் இரண்டு பக்கமாக விஷயத்தைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

தனியாகப் போவதில் ஒரு தவறும் இல்லை. நானும் தனியாகத்தான் போகிறேன், இனியும் போவேன். ஆனால் இருவர் போகும்போது ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மற்றவர் துடுப்பையாவது நீட்டுவார். கூடவே இன்னொரு கேனோ இருந்துவிட்டால் கவிழ்ந்த படகைத் தங்கள் படகின் குறுக்கே இழுத்துப்போட்டு, தண்ணீரை வடியவிட்டு, நிமிர்த்தி இறக்கி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏறு என்பார்கள், பழகியவர்களுக்குச் சில நிமிட வேலை. தனி ஆளுக்கு இதில் எதுவும் கிடையாது. அதனால் கவிழாமல் இருப்பது எப்படி என்பதோடு நிறுத்திவிடாமல், கவிழ்ந்து படகும் கையைவிட்டுப் போய்விட்டால் என்னிடம் என்ன மிஞ்சும் என்றும் அவர் யோசித்தாக வேண்டும். உடம்பில் மாட்டியிருப்பது மட்டும்தான் மிஞ்சும். மெத்தையாகக் கிடந்த ஜாக்கெட் காற்றோடு போய்விடும்.

கேனோவும் தனி ஆளுக்கு அவ்வளவு இணக்கமான படகு இல்லை. பெரும்பாலும் இருவர் உட்காரும் அளவில்தான் செய்கிறார்கள், அதில் ஒருவர் மட்டும் பின் இருக்கையில் உட்கார்ந்தால் முன்முனை தண்ணீரைவிட்டு மேலே தூக்கிக்கொள்ளும். காற்று இல்லாதவரை ஒன்றும் தெரியாது. காற்று கொஞ்சம் எழும்பியதும் தூக்கியிருக்கும் அந்த முனையைத்தான் பிடித்துத் தள்ளும், நீங்கள் ஒரு பக்கம் துடுப்புப் போட, படகு வேறு பக்கம் பார்க்கும். இதற்கு வழி எளிது. இரண்டு முனையும் ஒரே மாதிரி உள்ள படகு என்றால் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முன் இருக்கையில் பின்முனையைப் பார்த்து உட்கார வேண்டும், அந்த இருக்கை நடுவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கும். இல்லையென்றால் நடுவுக்குச் சற்றுப் பின்னால் மண்டியிட்டு, முன்பக்கம் ஒரு தண்ணீர் கேனை வைத்துப் பாரம் கட்டலாம். மண்டியிட்டால் எடை கீழே இறங்கும், ஆட்டம் குறையும், முட்டி வலிக்கும், அதுவும் உண்மைதான். எப்படி உட்கார்ந்தாலும் தலை படகின் விளிம்பைத் தாண்டி வெளியே போகக் கூடாது. மீனை வலையில் அள்ளும்போதும், விழுந்த பொருளை எட்டி எடுக்கும்போதும் தலைதான் முதலில் வெளியே போகும், உடம்பு பின்னாலேயே போகும், படகு அதற்கும் பின்னால் வரும். ஆண்கள் எழுந்து நின்று சிறுநீர் கழிப்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பத்திரிகையில் எழுதக் கூச்சமாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்கென்று ஒரு டப்பா வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய ஏரி, காலையில் கண்ணாடி மாதிரி கிடந்தது. மீன் நன்றாக எடுத்துக்கொண்டிருந்தபோது காற்று மாறி, தூரத்தில் அலைகளின் தலையில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. வெள்ளை அங்கங்கே தெரிந்தாலே காற்று மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று பொருள், சிறிய படகுக்கு அது கிளம்பு என்கிற சைகை. கிளம்பத்தான் பார்த்தேன், நங்கூரம் அடியில் எதிலோ மாட்டிக்கொண்டு வரவில்லை. கயிற்றைக் கட்டியிருந்தது முன்முனையில்தான், பக்கவாட்டில் கட்டினால் ஆற்று நீரோட்டத்தில் படகையே கவிழ்த்துவிடும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் இரண்டு பேர் இருந்தால் முன்னால் இருப்பவர் கயிற்றை நேராக இழுப்பார், நடுவில் இருக்கும் ஒற்றை ஆள் இழுக்கும்போது படகு குறுக்கே திரும்பித்தான் தீரும். திரும்பியது. பக்கவாட்டில் ஒரு அலை வந்து தூக்கியது, அடுத்த அலைக்கு நான் தண்ணீரில் இருந்தேன்.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதலில் மூச்சு நம்மைக் கேட்காது. விழுந்த நொடியே வாய் திறந்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும், தலை அந்த நேரம் தண்ணீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். ஜாக்கெட் தலையை மேலே வைத்திருந்தது, வேறு எதுவும் செய்யாமல் மூச்சு அடங்கும்வரை மல்லாந்து கிடந்தேன். அப்புறம்தான் காலை எதுவோ இழுப்பது தெரிந்தது. தூண்டில் நரம்பு முழங்காலைச் சுற்றியிருந்தது, அதன் நுனியில் இருந்த மூன்று கொக்கி முள்ளில் இரண்டு கொக்கி பேண்ட் துணியில் ஏறியிருந்தன. கத்தி ஜாக்கெட்டின் தோள்பட்டையில் செருகியிருந்ததால் எடுத்து நரம்பை அறுத்தேன். மாட்டிக்கொண்ட அதே நங்கூரம்தான் படகை அங்கேயே பிடித்து வைத்திருந்தது, இல்லையென்றால் காற்றில் போகும் வெறும் படகை எந்த நீச்சல்காரனாலும் பிடித்திருக்க முடியாது. கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நங்கூரக் கயிற்றையும் அறுத்துவிட்டேன். காற்று கரைப் பக்கம்தான் அடித்தது. மூன்று மூன்று முறையாக விசில் ஊதிக்கொண்டே, காலால் தண்ணீரை உதைத்துக்கொண்டே ஒதுங்கினேன், விசில் யார் காதிலும் விழவில்லை.

போன் கழுத்தில்தான் இருந்தது, தண்ணீர் புகாத உறைக்குள் பத்திரமாக. ஈர விரலால் திரையைத் தொட்டால் ஒன்றுமே ஆகவில்லை, உறையின்மேல் நிற்கும் தண்ணீர்த் துளிகள்தான் அதுவாகவே எதையாவது அழுத்திக்கொண்டிருந்தன. பக்கத்து பட்டனை வேகமாகப் பல தடவை அழுத்தினால் அவசர அழைப்பு போகிற மாதிரி பல போன்களில் வசதி இருக்கிறது, அதைக் கரையில் இருக்கும்போதே அமைத்து வைத்துவிட வேண்டும். சிக்னலே இல்லாத இடங்களுக்குப் போகிறவர்களுக்கு, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று கிடைக்கிறது, அதை ஜாக்கெட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

நன்றாக நீந்தத் தெரியும், ஜாக்கெட் எதற்கு என்பவர்களுக்கு ஒரு கணக்கு. கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், தன்னையே பனித் தண்ணீரில் இறக்கிக்கொண்டு சோதித்தவர், 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார். மிகக் குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தக் கடைசி ஒரு மணி நேரம் ஜாக்கெட் போட்டவருக்குத்தான், போடாதவருக்கு விரல் மடங்காமல் போகும் பத்தாவது நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். நீச்சலில் எத்தனை பதக்கம் வாங்கியிருந்தாலும் விறைத்த கை விறைத்த கைதான். அந்தக் கையால் தண்ணீருக்குள் இருந்துகொண்டு ஜாக்கெட்டின் ஜிப்பைப் போட முடியும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஐஸ் வாளிக்குள் கையை வைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்க்கட்டும். அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் 2023ஆம் ஆண்டு அறிக்கையில், பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்களில், காரணம் தெரிந்தவரை 75 சதவீதம் பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் ஜாக்கெட் விவரம் தெரிந்தவர்களை எடுத்துக்கொண்டால் 87 சதவீதம் பேர் அதைப் போட்டிருக்கவில்லை.

கவிழ்ந்த படகுக்குள் திரும்ப ஏறுவதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் நிறைந்த கேனோ மிதக்கும், ஆனால் உள்ளே நிற்பது பல நூறு லிட்டர், ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று வைத்துப் பாருங்கள், அதை ஆழத்தில் நின்று ஒரு ஆள் தூக்கிக் கவிழ்க்கும் பேச்சுக்கே இடமில்லை. முன்னும் பின்னும் காற்றுப் பைகளைக் கட்டி வைத்திருந்தால் தண்ணீர் புகும் இடம் குறையும். விளிம்பைப் பிடித்துத் தொங்கினால் படகு தலைமேல் கவிழும். உடம்பைத் தண்ணீர் மட்டத்தில் படுக்கவைத்து, காலை நன்றாக உதைத்து, மார்பை விளிம்பின்மேல் ஏற்றி, எதிர் விளிம்பை நோக்கி மீன் மாதிரி வழுக்கி உள்ளே விழ வேண்டும். உள்ளே விழுந்த பிறகு எழுந்து உட்காராமல் படுத்தபடியே தண்ணீரை இறைக்க வேண்டும், இறைக்கும் டப்பா கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், கட்டாத டப்பா அங்கே இருக்காது. அலை இருக்கும்போது இதெல்லாம் பத்தில் ஒருவருக்குக்கூட முதல் தடவையே வராது என்பது என் எண்ணம். வெயில் நாளில், இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக வேண்டியது. அப்படியும் ஏற முடியவில்லை என்று தெரிந்தால் படகை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் சரி. தேடி வருகிறவர் கண்ணுக்கு ஒரு தலையைவிட ஒரு படகு சீக்கிரம் தெரியும். கரை பார்வைக்கு எப்போதும் கிட்டத்தில்தான் இருக்கும், அதை நம்பி நீந்தக் கிளம்பியவர்கள்தான் நடுவில் ஓய்ந்து போகிறார்கள்.

முள்ளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகு கவிழாமலேயே நாள் கெட்டுப்போவது பெரும்பாலும் அதனால்தான். துள்ளுகிற மீனைப் பிடித்து வாயிலிருந்து முள்ளை எடுக்கும்போது ஒரு கொக்கி மீன் வாயிலும் இன்னொரு கொக்கி நம் கட்டைவிரலிலும் இருந்தால், மீன் துள்ளத் துள்ள அது உள்ளே இறங்கும். கரையில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் முள்ளின் தண்டை அழுத்திப் பிடித்து, வளைவில் நூலை மாட்டி வெடுக்கென்று இழுத்து எடுத்துவிடுவார். அந்த வித்தைக்கு மூன்று கை வேண்டும், தனி ஆளிடம் மிச்சம் இருப்பது ஒன்று. அதனால் வீட்டிலேயே இடுக்கியால் கொக்கியின் எதிர்முள்ளை, அதாவது நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்ன முள்ளை, நசுக்கித் தட்டையாக்கிவிடுவேன். சில மீன் நழுவும், நழுவட்டும். கம்பி வெட்டும் இடுக்கி ஒன்றும் ஜாக்கெட் பையில் இருக்கும். கண்ணிலோ கண்ணுக்கு அருகிலோ ஏறினால் மட்டும் யாரும் தொடக் கூடாது, அசையாமல் மூடிக்கொண்டு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இடி கேட்டால் கரையேறுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம். கையில் இருக்கும் கிராஃபைட் தூண்டில் கம்பு மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். இதில் வாதாட ஒன்றும் இல்லை.

தடை கேட்ட வாசகருக்கு ஒரே ஒரு வார்த்தை. தடை போட்டால் நாங்கள் போகாமல் இருக்கமாட்டோம், சொல்லாமல் போவோம். சொல்லாமல் போகிறவரைத் தேட எங்கே ஆரம்பிப்பது என்றுகூட யாருக்கும் தெரியாது, அதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து.

ஆசிரியரிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை போடும்போது ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் படத்தைப் போடுங்கள், படம் கொஞ்சம் அழகு குறைந்தாலும் சரி. பட்டியலில் ஜாக்கெட்டை முதலில் போட்டு, விசிலும் கத்தியும் போனும் அதிலேயே மாட்டியிருக்க வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டிய சீட்டைப் பற்றியும் எழுதுங்கள்: எந்தத் தண்ணீர், எந்தப் பக்கம் இறங்குகிறேன், படகு என்ன நிறம், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி தாண்டினால் மீட்புப் படையைக் கூப்பிட வேண்டும். திரும்பியதும் மறக்காமல் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்பதையும் போடுங்கள், இல்லாவிட்டால் நாம் வீட்டில் போர்த்திக்கொண்டு தூங்கும்போது பாவம் மீட்புப் படையினர் ராத்திரி முழுக்க விளக்கோடு ஏரியைச் சல்லடை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்