பழங்கதவுக்குக் கார்பன் சான்றிதழா?

ஆசிரியருக்கு,

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளைப் பற்றிய கட்டுரையில், ‘கார்பன் 14 சோதனை செய்தால் நிலைக்கதவின் வயது தெரிந்துவிடும்’ என்றொரு வரி வந்திருந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை அது நடக்காத காரியம்.

கார்பன் 14 என்பது மரம் காற்றிலிருந்து வாங்கி வளையத்தில் சேர்க்கும் கதிரியக்கக் கார்பன். அது காலப்போக்கில் சிதைந்து குறைவதை வைத்துத்தான் வயது கணிக்கிறார்கள். ஆனால் சுமார் 1680 முதல் 1950 வரை காற்றில் அதன் அளவு ஏறியும் இறங்கியும் குழம்பிக் கிடக்கிறது. சூரியனின் போக்கு ஒரு காரணம், நிலக்கரிப் புகை இன்னொன்று. ஆய்வகம் ‘150 ஆண்டு, 30 முன்பின்’ என்று தந்தால், அதற்கு 1660களின் கடைசி தொடங்கி 1950 வரை விட்டுவிட்டுப் பல காலங்கள் பொருந்தும். கீழடிக் கரித்துண்டில் நூறு ஆண்டு முன்னே பின்னே போனாலும் கதை மாறாது. இங்கே அந்த நூறு ஆண்டுக்குத்தானே விலை!

தேக்கிலும் சிக்கல் உண்டு. ஆசாரி மரத்தின் வெளிப்புற வெளிர் பகுதியான வெள்ளையைச் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் கெட்டியான வைரத்தைத்தான் எடுப்பார். சோதனை சொல்வது அந்த வளையம் வளர்ந்த காலத்தை. மரம் வெட்டிய காலத்தை அல்ல. இடித்த வீட்டு உத்தரத்தில் போன மாதம் இழைத்த கதவும் ‘பழசு’ என்றே வரும். அதைக் கண்டுபிடிக்க ரம்பத் தடமும் ஆணித் துளையும் பார்க்கத் தெரிந்த ஆசாரியே மேல்.

கதவில் பூசிய மண்ணெண்ணெயிலும் பெட்ரோலியப் பாலிஷிலும் கார்பன் 14 அறவே இல்லை. மாதிரியின் கார்பனில் 1 சதவீதம் அதிலிருந்து வந்தாலே வயது 80 ஆண்டு கூடிவிடும். கரைப்பான், அமிலம், காரம், மறுபடி அமிலம் எனக் கழுவி, செல்லுலோஸை மட்டும் பிரித்து அளக்கச் சொல்ல வேண்டும். 50 மில்லிகிராம் மரம் போதும். அலுமினியத் தாளில் மடித்து அனுப்புங்கள். காகிதமும் பஞ்சும் பசைநாடாவும் கார்பன்தான்.

பிறகு எதற்கு உதவும்? 1955க்குப் பின் வளர்ந்த மரத்தைப் ‘பாட்டன் காலத்தது’ என்று விற்றால் பிடிக்கலாம். அணுகுண்டுச் சோதனைகளால் காற்றின் கார்பன் 14 1963 வாக்கில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, பின் இறங்கியது. 1950ஆம் ஆண்டு அளவை 100 என்று வைத்தால், அதைத் தெளிவாகத் தாண்டிய எண் வந்ததும் குட்டு உடைந்துவிடும். ஆனால் 120 என்ற எண் 1960 வாக்கிலும் வரும், 1980களின் நடுவிலும் வரும். இப்போதோ காற்று மறுபடி 100ஐ ஒட்டி வந்துவிட்டது. அண்மையில் வளர்ந்த வளையம் 1950ஐப் போலவே காட்டும். எனவே ஒரு மாதிரியோடு நிற்கக் கூடாது. வெளி விளிம்பில் ஒன்று, அதே பலகையில் நாலைந்து வளையம் உள்ளே தள்ளி ஒன்று. இரண்டும் 100க்கு மேல் இருந்து, உள்ளே இருப்பது கூடுதலாக இருந்தால் மரம் 1963க்குப் பிறகும் வளர்ந்தது.

— ஒரு வாசகர், தேவகோட்டை