பதில் சொல்லாத நிர்வாகமும் பெயரளவு ஊழியர் குழுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் தொழிற்சாலை, துறைமுகம், ஹோட்டல் என எங்கு உற்பத்தித்திறன் பற்றிப் பேச்செழுந்தாலும், தொழிலாளர் பிரதிநிதிகள்தான் தடை என்று சொல்லிவிடுகிறார்கள். இது நியாயமில்லை. பிரதிநிதிகள் இருப்பதால் மட்டும் உற்பத்தி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவர்கள் சொல்வதை நிர்வாகம் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பல இடங்களில், நிர்வாகத்தோடு கூடிப் பேசும் பிரதிநிதிகளின் அமைப்பான ஊழியர் குழுவின் உறுப்பினர்களை மனிதவளப் பிரிவே நியமிக்கிறது. இரவு ஷிப்டுக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் குழுவில் ஆளே இருப்பதில்லை. இயந்திரம் இரவில் ஏன் அடிக்கடி நிற்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்? கடைசியில் கூட்டம் கன்டீன் சாப்பாட்டைப் பற்றிய பேச்சோடு முடிந்துவிடுகிறது.

ஒவ்வொரு பிரிவும் ஷிப்டும் இரகசிய வாக்கெடுப்பில் தம் ஆளைத் தெரிய வேண்டும். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னரே, இயந்திரம் நின்ற நேரம் (காரண வாரியாக), கழிவான பொருள், விபத்து ஆகிய கணக்குகளை உறுப்பினர் கையில் கொடுக்க வேண்டும். கூட்டக் குறிப்பில் முடிவு, பொறுப்பாளர், முடிக்கும் திகதி மூன்றும் வேண்டும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் பலகையில் ஒட்ட வேண்டும். மறுத்த கோரிக்கைக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். பதிலே வராத யோசனைக்குப் பிறகு அடுத்த யோசனை வராது. மேற்பார்வையாளரையும் கூட்டத்தில் இருத்துங்கள். தன்னைத் தாண்டி முறைப்பாடு மேலே போனதாக அவர் நினைத்தால், முடிவு அவரிடமே தேங்கிவிடும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேடு ஒன்றுண்டு. தொழிலாளி சொன்ன வழியால் மிச்சமான நேரத்தைக் காட்டி இலக்கை உயர்த்துவதும் ஆட்குறைப்புச் செய்வதும்தான் அது. ஒருமுறை அப்படி நடந்தால் போதும், அனைவரும் வாயை மூடிக்கொள்வார்கள். மிச்சத்தில் தொழிலாளிக்கு என்ன பங்கு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வைக்க வேண்டும்.

ஊழியர் குழு தொழிற்சங்கத்துக்கு மாற்றும் அல்ல. ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். 1999ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் (திருத்தச்) சட்டப்படி, தான் பேச வரும் தொழிலாளரில் 40 சதவீதத்துக்குக் குறையாதோரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்துடன் பேரம் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறையாகும். சம்பளமும் கூட்டு உடன்படிக்கையும் சங்கத்தோடு பேச வேண்டியவை. குழுவைக் காட்டிச் சங்கத்தை ஒதுக்கும் நிர்வாகம், இரண்டின் நம்பிக்கையையும் இழந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.