ஹவானா போகுமுன்

அன்புள்ள மலர்,

விடுமுறைக்கு டொராண்டோவிலிருந்து கியூபா போகிறீர்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். சந்தோஷம். ரிவியரா ஹோட்டலில் ஒருநாளாவது தங்க வேண்டும், மாஃபியா காலத்து அழகு அப்படியே இருக்கிறதாம் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

1957 டிசம்பரில் அந்த ஹோட்டலைத் திறந்தவர் அமெரிக்க மாஃபியா தாதா மேயர் லான்ஸ்கி. செலவில் பல லட்சம் டாலர் கியூப அரசு கொடுத்தது. 1955இல் அன்றைய சர்வாதிகாரி பாட்டிஸ்டா ஒரு சட்டம் போட்டார்: ஹோட்டலில் 10 லட்சம் டாலரோ, இரவு விடுதியில் 2 லட்சம் டாலரோ முதலீடு செய்பவருக்குச் சூதாட்ட உரிமம். அதோடு வரிவிலக்கு. உன் பூர்வீகம் என்ன, எத்தனை வழக்கு என்று யாரும் கேட்கவில்லை. தாதாக்கள் சுவர் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று, ரத்தினக் கம்பளம் விரித்துக் கூப்பிட்டார்கள். காசு போட்டு ஆடும் இயந்திரங்களின் வசூல் பாட்டிஸ்டாவின் மைத்துனர் கையில் இருந்தது. 1959 ஜனவரி 1 விடிவதற்குள் பாட்டிஸ்டா விமானம் ஏறிவிட்டார். ஜனங்கள் போய் அந்த இயந்திரங்களைத்தான் அடித்து நொறுக்கினார்கள்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் காலம் தள்ளிய எனக்கு வயிறு எரிவது அதற்கும் முந்தைய கதையை நினைத்துத்தான். 1952இல் பாட்டிஸ்டா மறுபடி ஆட்சியைப் பிடிக்குமுன்பே, தேர்தலில் ஜெயித்து வந்த ஆட்சிகளில், கல்வி அமைச்சராக இருந்த ஹோசே மனுவேல் அலெமான் பள்ளிகளுக்கான பணத்தைச் சுருட்டி மயாமியில் சொத்தாக்கினார். 1953 கணக்கெடுப்பில் கியூபக் கிராமங்களில் பத்துப் பேரில் நான்கு பேருக்கு எழுத்தறிவு இல்லை. அந்தப் பணம் யாருடைய பணம், சொல்.

எடுவார்டோ சிபாஸ் என்று ஒரு செனட்டர். கட்சியின் அடையாளம் துடைப்பம். ஞாயிறுதோறும் வானொலியில் ஊழலைப் பேர் சொல்லிப் பேசுவார், நாடே காது கொடுத்துக் கேட்கும். 1951இல் அடுத்து வந்த ஒரு கல்வி அமைச்சர் மீது குற்றம் சாட்டினார். ஆதாரம் தருகிறேன் என்றார், தர முடியவில்லை. ஆகஸ்ட் 5 அன்று பேசி முடித்ததும் தன்னையே சுட்டுக்கொண்டார். ஒலிபரப்பு நேரம் முடிந்து விளம்பரம் போய்க்கொண்டிருந்ததால் அந்தச் சத்தம்கூட யாருக்கும் கேட்கவில்லை. பதினொரு நாள் கழித்து உயிர் போயிற்று. அவர் அப்படிச் செய்திருக்கக் கூடாது. உயிரோடு இருந்து இன்னும் தோண்டியிருக்க வேண்டும். மறு மார்ச்சில் பாட்டிஸ்டா ராணுவத்தோடு வந்து, நடக்கவிருந்த தேர்தலையே ஒழித்தார்.

அப்புறம் வந்த காஸ்ட்ரோ ஆட்சி பற்றி நமக்குள் தீராத வாதம் இருக்கிறது, அதை ஃபோனில் வைத்துக்கொள்வோம்.

ரிவியராவில் தங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு காலைப்பொழுது கோலோன் மயானத்துக்கும் போய் வா. சிபாஸை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். பையனையும் கூட்டிக்கொண்டு போ, அவனுக்குப் புரிகிற வயசுதான். அங்கே அவன் என்ன கேட்டான் என்று எனக்கு எழுது.

அம்மா