பேப்பர் இருக்கிறது, எக்ஸ்ரே எங்கே?

இராமநாதபுரம் கடலோர ஊர்களில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்போருக்கு ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், அண்மையில் இதில் இறங்கியிருக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வீட்டுக் குட்டிகளுக்கு ஊசி போட்ட பழக்கத்தில் இதை எழுதுகிறேன். சில வரிகள் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டி பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது, "பேப்பர் இருக்கிறதா?" என்பதைத்தான். நீங்களும் நாயின் பரம்பரையைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழை எடுத்து நீட்டுகிறீர்கள். அதில் பாட்டன் பெயர் இருக்கிறது, பூட்டன் பெயர் இருக்கிறது, யாராவது பட்டம் வென்றிருந்தால் அதுவும் இருக்கிறது. இந்தப் பக்கம் என் கைக்கு வந்த பேப்பர்களில் தாயின் இடுப்பு மூட்டைப் பற்றியோ தகப்பனுடையதைப் பற்றியோ ஒரு வரி கூட இருந்ததில்லை. பரம்பரைக்குச் சான்று வேறு, உடல்நலத்துக்குச் சான்று வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு இரண்டாவதையும் சேர்த்து விற்றதுபோல் நாம் நடந்துகொள்கிறோம்.

உச்சிப்புளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு வாங்கிய நாய் ஒன்று. நல்ல உயரம், கறுத்த முகம், ஆளைக் கண்டால் நிமிர்ந்து நிற்கும் காது. ஒன்றரை வயதுகூட நிறையவில்லை, மோட்டார் அறையின் இரண்டு படிகளில் ஏற முடியவில்லை. ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போல் தாவியது. விற்றவரைக் கேட்டதற்கு, "கால்சியம் கொடுங்கள், சரியாகிவிடும்" என்று பதில் வந்தது. பாவம் அந்த மனிதர், பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றியிருக்கிறார். பெரிய இன நாய்க்குட்டிக்குச் சத்தான தீவனத்தோடு கூடுதலாகக் கால்சியம் கொடுத்தால் எலும்பு வளர்ச்சி கெடுமே தவிர, குழியில் சரியாகப் பொருந்தாத மூட்டு ஒருநாளும் பொருந்தாது.

பொருந்தாமை என்பதுதான் இடுப்பு மூட்டுக் கோளாறின் சாரம். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். குழி ஆழமில்லாமல், தசைநார் தளர்ந்து, தலை அங்குமிங்கும் நழுவினால் குருத்தெலும்பு தேய்ந்து, சில ஆண்டுகளில் மூட்டு வாதம் வந்துவிடும். பிறக்கும்போது குட்டி பார்க்க நன்றாகவே இருக்கும். நாற்பத்தைந்து நாளில் தூக்கிக் கொடுக்கும்போதும் அப்படித்தான். ஆகவே "என் குட்டிகள் எல்லாம் நன்றாகத்தான் போயின" என்று நீங்கள் சொல்வது பொய் அல்ல. அவை கெட்டுப்போகும் காலத்தில் நீங்கள் அருகில் இல்லை, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1966-ல் ஓர் எலும்பியல் அறக்கட்டளை தொடங்கினார்கள். இடுப்பு எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே அங்கே இறுதித் தரம் கொடுப்பார்கள். அவர்கள் பதிவேட்டில் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இடுப்புக் கோளாறு இருக்கிறது. படம் மோசமாக வந்தால் பலர் அதை அனுப்பாமலே விட்டுவிடுவார்கள் என்பதால் உண்மை நிலை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். இந்த இனத்தின் தாய்நாடான ஜெர்மனியில், 1899-ல் தொடங்கிய இனச் சங்கம் எக்ஸ்ரே தரம் பெறாத நாயை இனப்பெருக்கத்துக்கு அனுமதிப்பதில்லை. அதற்கு மேலும் ஒரு படி போய், அந்த நாயின் பெற்றோர், உடன்பிறந்தவை, குட்டிகள் எல்லாவற்றின் முடிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு மதிப்பெண் கொடுக்கிறார்கள். இனத்தின் சராசரி 100. அதற்குக் கீழே இருந்தால் நல்லது. 'இம்போர்ட் லைன்' என்று விளம்பரம் செய்யும் நண்பர்களே, அந்த இறக்குமதி நாயின் ஜெர்மன் ஆவணத்தில் இந்த எண் இருக்கும். எடுத்துப் பாருங்கள். வாங்க வருகிறவருக்கும் காட்டுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். இடுப்புக் கோளாறு ஒரே மரபணுவால் வருவதில்லை. பல மரபணுக்கள் சேர்கின்றன. அளவுக்கு மீறிய தீனி, வழுக்கும் டைல்ஸ் தரை, வளரும் வயதில் உடல் பருமன் எல்லாம் அதைக் கூட்டுகின்றன. நல்ல இடுப்புள்ள இரண்டு நாய்களுக்கும் கெட்ட இடுப்புக் குட்டி பிறக்கலாம். "அப்படியானால் எக்ஸ்ரே எதற்கு?" என்று கேட்கிறவர் உண்டு. மோசமான மூட்டுள்ளவற்றைத் தலைமுறைதோறும் விலக்கிக்கொண்டே வந்தால் குட்டிகளில் கோளாறு குறையும். பாராமல் சேர்த்துக்கொண்டே போனால் கூடும். அதற்குத்தான்.

சில நோய்களுக்கு மரபணுச் சோதனையே நேரடியாக வழி சொல்லும். வயதான நாய்க்குப் பின்னங்கால் இழுத்து, நகம் தரையில் தேய்ந்து, கடைசியில் இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். 'வாதம்' என்று எண்ணெய் தேய்ப்பார்கள். வலியில்லாமல், பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல், மெல்ல மெல்ல வந்தால் அது தண்டுவடச் சிதைவு நோயாக இருக்கலாம். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2009-ல் கண்டுபிடித்தார்கள். குட்டிக்கு ஆபத்து வரவேண்டுமானால் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் வந்து சேர வேண்டும். ஒரு பிரதி மட்டும் உள்ள நாய் தாங்கி. இரண்டு தாங்கிகளைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதியும் போய்ச் சேரும். தாங்கியை, மாற்றம் இல்லாத நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் அந்த ஆபத்து இல்லை. ஆகவே சோதனையில் தாங்கி என்று வந்தால் அந்த நாயை ஒதுக்கித் தள்ள வேண்டாம். நல்ல குணமும் நல்ல மூட்டும் உள்ள தாங்கியை விலக்கிவிட்டு, இருக்கிற சில நாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி இணைத்தால் வேறு கேடு வரும். இணையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நம் பகுதிக்கு மிகவும் அவசரமானது இன்னொன்று. ஆட்டுக்கு உண்ணிக்கும் புழுவுக்கும் போடும் ஐவர்மெக்டின் ஊசியை அப்படியே நாய்க்கும் போடுகிற வழக்கம் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறது. ஆட்டுக்கான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். நாய்களுக்கு இதயப்புழுத் தடுப்புக்குக் கொடுப்பது 6 மைக்ரோகிராம் மட்டுமே. மேய்ச்சல் இன நாய்கள் சிலவற்றில் மருந்தை மூளைக்குள் நுழையவிடாமல் தடுக்கும் மரபணு பழுதாகியிருக்கும். இதை 2001-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள். ஸ்காட்லாந்து ஆட்டு நாயான கோலியில் ஏறத்தாழ 70 விழுக்காடு நாய்களிடம் இந்தப் பழுது ஒரு பிரதியாவது உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. அப்படிப்பட்ட நாய்க்கு ஆட்டு ஊசி போட்டால் எச்சில் வடியும், தள்ளாடும், கண் தெரியாமல் போகும், மயங்கிக் கிடக்கும். முறிவு மருந்து கிடையாது. ஒருமுறை சோதித்து முடிவைக் குட்டியோடு எழுதிக் கொடுத்துவிட்டால் வாங்குகிறவர் வாழ்நாள் முழுவதும் எச்சரிக்கையாக இருப்பார்.

இனி ஆண் நாய் வைத்திருப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டும். பெட்டை வைத்திருப்பவர் பலர். நல்ல ஆண் நாய் நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இணை சேர்க்கக் கட்டணம் வாங்குகிறீர்கள், அல்லது ஈற்றில் ஒரு குட்டியை எடுத்துக்கொள்கிறீர்கள். ஒரு பெட்டை வாழ்நாளில் சில ஈற்று மட்டுமே ஈனும். உங்கள் ஆண் நாயோ நூற்றுக்கணக்கான குட்டிகளுக்குத் தகப்பனாகலாம். அதன் குற்றம் மாவட்டம் முழுக்கப் பரவும். கீழக்கரையில் பிறந்த குட்டிக்கும் தேவிபட்டினத்தில் பிறந்த குட்டிக்கும் தகப்பன் ஒன்றே என்பது தெரியாமல் அடுத்த தலைமுறையில் இரண்டையும் சேர்க்கிறார்கள். அதனால் முதல் சோதனை உங்கள் வாசலில் நடக்க வேண்டும். எக்ஸ்ரே இல்லாத ஆண் நாயிடம் பெட்டையைக் கொண்டு போகமாட்டோம் என்று பெட்டை வைத்திருப்போர் பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் ஓராண்டில் இந்த ஊர் மாறிவிடும் என்பது என் கணிப்பு.

நம் மண்ணில் கீதாரிகள் இருக்கிறார்கள். அறுவடை முடிந்ததும் கிடையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் நடக்கிறவர்கள். கூடவே மந்தை நாயும் நடக்கும். நடக்க முடியாத நாய் அந்தப் பயணத்தில் நிலைக்காது, அதற்குக் குட்டியும் இராது. இரக்கமான முறை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கால் என்ற ஒன்றை அவர்கள் ஒருபோதும் மறந்ததில்லை. ஜெர்மன் ஷெப்பர்டும் ஆட்டு மந்தையிலிருந்து வந்ததுதான். நாள் முழுக்க ஆட்டோடு சுற்றுவதற்காக உருவான உடல் அது. நாமோ கூண்டில் வைத்து, முதுகு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, ரோமம் எவ்வளவு நீளம் என்று பார்த்து விலை ஏற்றுகிறோம். (மண்டபத்து வெயிலில் நீள ரோம நாய்க்கு ஏன் கூடுதல் விலை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

சட்டத்தையும் நினைவூட்டுகிறேன். நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-ல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்தது. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேல் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாற்பத்தைந்து நாள் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. தமிழ்நாடு அரசும் 2024-ல் தனியாக ஓர் இனப்பெருக்கக் கொள்கை வெளியிட்டது. பதிந்தவர் யார், பதியாதவர் யார் என்று நான் பட்டியல் போடப் போவதில்லை.

செலவைப் பற்றிச் சொல்வீர்கள். இரண்டு பெற்றோருக்கும் எக்ஸ்ரே, மரபணுச் சோதனை எல்லாம் சேர்த்து ஒரு குட்டியின் விலை, மிஞ்சினால் இரண்டு குட்டியின் விலை ஆகும். ஆயுளில் ஒருமுறை செய்வது. மரபணுச் சோதனைக்குக் கன்னத்தின் உட்புறம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினாலே போதும். எக்ஸ்ரேவுக்குத்தான் மெனக்கெட வேண்டும்: நாயை மயக்கி, மல்லாத்தி, இரு கால்களையும் நேராக நீட்டி இணையாகப் பிடித்து எடுக்க வேண்டும். கால் கோணியிருந்தால் படம் பயன்படாது. நாயின் தோலுக்கடியில் அடையாளத்துக்காகப் பதிக்கும் மைக்ரோசிப்பின் எண் படத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நல்ல நாயின் படத்தைப் பத்து நாய்க்குக் காட்டும் புத்திசாலிகள் நம்மிடையே முளைத்துவிடுவார்கள்.

முடிவுகளை ஒரே நோட்டில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைப்போம், கெட்ட முடிவையும் சேர்த்து. நல்லதை மட்டும் எழுதினால் அது விளம்பரப் பலகைதான்.

ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தனித்தனியாகப் போவது சிரமம் என்பதால் இரண்டு வயது நிறைந்த நாய்களை ஒன்றாக ஒரத்தநாட்டுக்குக் கூட்டிப்போக ஒரு வேன் பேசலாம் என்றிருக்கிறேன். முன்பே நேரம் கேட்டு வைப்பது என் பொறுப்பு. வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வோம். ஆண் நாய்களுக்கு முதல் இடம். வருகிறவர்கள் மைக்ரோசிப் எண்ணும் கென்னல் கிளப் பேப்பரும் எடுத்து வாருங்கள். மயக்க மருந்து கொடுப்பார்கள், ஆகவே முந்தைய இரவுக்குப் பிறகு நாய்க்குச் சோறு வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கால்நடை ஆய்வாளர்,
உச்சிப்புளி