ஹெட்லைட்டுக்கு இன்னும் பணம் கட்டாதே

அணைக்கட்டு,
சனிக்கிழமை

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். நைனாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார். பொங்கலுக்கு அப்புறம் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்கு நேரில் வந்து திட்டு. இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் பேட்ச் பணத்தில் ஊருக்கு வாங்குவதாகச் சொன்னாயே, தலையில் மாட்டுகிற முப்பது ஹெட்லைட், அதற்குப் பணம் கட்டிவிட்டாயா? கட்டியிருந்தால் இன்றைக்கே கேன்சல் செய்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். இந்த வாரம் எங்களுக்கு மும்முனை கரண்ட் ராத்திரியில்தான். பதினோரு மணிக்கு மோட்டார் போடக் கிளம்பினேன். நீ சாம்பிளுக்கு அனுப்பிய லைட்தான் நெற்றியில். மல்லாட்டைக் கொல்லையைத் தாண்டி வரப்பில் பாதி தூரம் போயிருப்பேன். மங்கவுமில்லை, சிமிட்டவுமில்லை, பட்டென்று அணைந்துவிட்டது. மடியிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டால், இரண்டு எட்டு முன்னால் கட்டுவிரியன். கறுத்த உடம்பில் வெள்ளைக் கோடுகள், வரப்பின் குறுக்கே ஆடாமல் அசையாமல் கிடந்தது. மணி மாமா கதையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடித்தது வலிக்கக்கூட இல்லை என்றுதானே அவர் திரும்பப் போய்ப் படுத்தார்.

அன்றைக்குத் தூங்கவே இல்லை. விடிந்ததும் லைட்டைக் கழற்றினேன். பின்பக்க டப்பாவில் நாலு திருகாணி. உள்ளே நீலத் தாள் சுற்றிய ஒரே ஒரு 18650 செல், அதன்மேல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கு 9900 என்று கொட்டை எழுத்து. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்தப் பெயர். அந்த உருளைக்குள் நல்ல கம்பெனியே 3500 மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) பக்கத்தில்தான் அடைக்கிறது. 9900-க்கு உள்ளே இடமே கிடையாது. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டையும் நகைக்கடைத் தராசில் வைத்தேன். லேப்டாப் செல் 46 கிராம், இது 29. தங்கை மகனிடம் செல்லை அளக்கும் சார்ஜர் இருக்கிறது. அதில் போட்டுப் பார்த்தால் 780 தேறியது.

அப்படியானால் சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்ததே என்று கேட்பாய். நானும் அதை நம்பித்தான் போனேன். செல் 4.2 வோல்ட்டுக்கு வந்ததும் பச்சை எரியும், அவ்வளவுதான். சொம்பு நிரம்பினாலும் நிரம்பினதுதான், குடம் நிரம்பினாலும் நிரம்பினதுதான். எது நிரம்பியது என்று அந்த விளக்குக்குத் தெரியாது.

அடுத்தது சார்ஜ் போடுகிற இடம். டைப் சி, எந்த சார்ஜரிலும் ஏறும் என்று போனில் பெருமையாகச் சொன்னாயே, எலக்ட்ரானிக்ஸ் புலியே! என் புது போன் சார்ஜருக்கு ஒயரின் இரண்டு முனையும் டைப் சி. அதில் இது ஏறவே இல்லை. பழைய தட்டை யு.எஸ்.பி சார்ஜரில் மட்டும் ஏறுகிறது. உள்ளே சர்க்யூட் பலகையைப் பார்த்தால், ஒயர் செருகுகிற போர்ட்டின் பக்கத்தில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டும் இல்லை. எதிரில் அந்த ரெசிஸ்டர் தெரிந்தால்தான் அந்த மாதிரி சார்ஜர் கரண்டையே விடும். சில காசு மிச்சம் பிடிக்க அதை விட்டிருக்கிறார்கள். ரப்பர் மூடியும் ஒரு மாதத்திலேயே தொளதொளத்துவிட்டது. போர்ட்டின் நாக்கைச் சுற்றிச் சேறு காய்ந்து இறுகியிருந்தது, ஊசியால் கிளறித்தான் எடுத்தேன். கழனியில் குனிந்து நிமிர்கிறவன் தலையில் மாட்டுகிற பொருள் இது, மேஜைமேல் வைக்கிறது இல்லை.

அதனால் முப்பது வேண்டாம், அதே பணத்துக்குப் பத்து வந்தாலும் போதும். செல்லைக் கையால் கழற்றி மாற்றுகிற மாதிரி இருக்க வேண்டும். போர்ட் போனால்கூட செல்லை வெளியே எடுத்துத் தனி சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம். பாதுகாப்பு சர்க்யூட் வைத்த செல் நாலைந்து மில்லிமீட்டர் நீளமாக இருக்கும், டப்பாவில் உட்காருகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார். செல் தீருவதற்கு முன்னால் வெளிச்சம் குறைந்து எச்சரிக்கிற லைட்டாக எடு. சிவப்பு வெளிச்சமும் இருந்தால் நல்லது. காவலூர் வானோக்கு நிலையத்துக்குப் போன டூரில் டார்ச் அடித்து நீ வாங்கிக் கட்டிக்கொண்டாயே, அன்றைக்கு அவர்கள் சொன்னதுதான், சிவப்பு என்றால் இருட்டுக்குப் பழகின கண் கெடாது. காட்டுப்பன்னிக்குக் காவல் இருக்கிற பையன்களுக்கு அது உதவும்.

முதல் லைட்டை ஏழுமலைக்குக் கொடுப்போம். இன்னும் செருப்பில்லாமல், வாயில் செல்போனைக் கடித்துக்கொண்டுதான் மோட்டார் போடப் போகிறான். எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

ஞாயிறு காலை போன் செய். எந்த ரயில் என்று சொன்னால் காட்பாடிக்கு வண்டி எடுத்து வருகிறேன். கழற்றிய செல்லை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். எடுத்துப் போய், அதை விற்றவன் எதிரிலேயே தராசில் வை.

அன்புடன்,
பாபு