காரட் மீட்டர் நகையை ஊடுருவிப் பாக்குறதில்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் தங்கம் வாங்குறவங்களுக்காக நம்ம பேப்பர்ல வந்த கட்டுரை உபயோகமா இருந்துச்சு. ஆனா நகைக்கடையில தங்கத்தோட சுத்தத்தைப் பாக்குற காரட் மீட்டர் மெஷின் பத்தி ஒரு வரி தப்பா போட்டிருக்கீங்க, நெஞ்சு எக்ஸ்ரே மாதிரி கதிர் நகைக்குள்ள ஊடுருவிப் போய் கலப்படத்தைக் காட்டுதுன்னு. அப்படி இல்லங்க. நான் அல்சூர்ல பி.யு.சி (பதினொண்ணு, பன்னெண்டாம் வகுப்பு) பசங்களுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்குறேன், பேப்பர்ல வந்தாச்சுன்னா பிள்ளைங்க அதையே நம்பிடும், அதான் எழுதுறேன்.

நெஞ்சு எக்ஸ்ரேல உடம்பைத் தாண்டி அந்தப் பக்கம் வர்ற கதிரைப் பாக்குறாங்க. காரட் மீட்டர் பாக்குறது நகையில இருக்குற அணுக்களே வெளிய விடுற புது எக்ஸ்ரேயை. அணுவுக்குள்ள எலக்ட்ரான் இஷ்டத்துக்கு எந்த எனர்ஜிலயும் இருக்க முடியாது, குறிப்பிட்ட சில நிலைகள் மட்டும்தான், மெஷின்ல இருந்து போற எக்ஸ்ரே உள் ஷெல்லுல, அதாவது உள் அடுக்குல, இருக்குற ஒரு எலக்ட்ரானை வெளிய தள்ளிடுச்சுன்னா அந்தக் காலி இடத்துக்கு மேல இருந்து இன்னொண்ணு இறங்கும், ரெண்டு நிலைக்கும் உள்ள எனர்ஜி வித்தியாசம் எக்ஸ்ரேயா வெளிய வரலாம். அந்த வித்தியாசம் தனிமத்துக்குத் தனிமம் வேற, அதை வச்சுத்தான் நகையில எந்த உலோகம் இருக்குன்னு மெஷின் சொல்லுது. செம்புக்கு 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட்ங்கிறது எனர்ஜியோட அளவு, கிலோன்னா ஆயிரம்), வெள்ளிக்கு 22.

இதுக்குப் பெரிய கணக்கு ஒண்ணும் வேண்டாம். நீல்ஸ் போர்ங்கிற விஞ்ஞானி 1913-ல ஹைட்ரஜனுக்கு சொன்னதை வச்சு, ரெண்டாவது நிலையில இருந்து முதல் நிலைக்கு இறங்கினா 10.2 எலக்ட்ரான் வோல்ட்னு எந்த பி.யு.சி பிள்ளையும் போட்டுடும். செம்போட அணு எண் 29, அதுல ஒண்ணு கழிச்சு 28, அதை ஸ்கொயர் பண்ணி 10.2-ஆல பெருக்குங்க, ஏறக்குறைய 8,000 வரும், அதான் மேல சொன்ன 8 கிலோ! இந்த ஒழுங்கை அதே 1913-லயே சோதனை பண்ணிக் கண்டுபிடிச்சவர் மோஸ்லிங்கிற விஞ்ஞானி. தனிம அட்டவணையில கோபால்ட், நிக்கல் ரெண்டுல எது முன்னாடின்னு இருந்த குழப்பம் அதனாலதான் தீர்ந்துச்சு, ஏன்னா எடையைப் பாத்தா கோபால்ட் அதிகம், ஆனா அணு எண் 27, நிக்கலுக்கு 28. மோஸ்லி 1915-ல கல்லிப்போலி போர்ல 27 வயசுலயே செத்துப் போயிட்டார், நினைச்சா இன்னிக்கும் மனசு தாங்கல.

தங்கத்துல மட்டும் ஒரு விஷயம் இருக்கு. அதோட கே ஷெல் (ஆக உள்ள இருக்குற அடுக்கு) எலக்ட்ரானைத் தள்ள 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல வேணும், கடை மெஷின் பொதுவா 50 கிலோ வோல்ட்டைத் தாண்டாது, அதனால அடுத்த அடுக்கான எல் ஷெல்லுல இருந்து வர்ற 9.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எக்ஸ்ரேயைத்தான் பாக்குது. தங்கத்துல கலக்குற இரிடியம்ங்கிற உலோகம் 9.2-ல பக்கத்துலயே உக்காந்திருக்கும், டிடெக்டர் சுமாரா இருந்தா ரெண்டையும் பிரிக்கத் தடுமாறும்.

எனக்கு ஆதங்கம் என்னன்னா பி.யு.சி பிசிக்ஸ் புத்தகம் ஹைட்ரஜனோட நின்னுடுது, மோஸ்லியோட இந்த ஒழுங்கு (மோஸ்லி விதி) பிசிக்ஸ் பாடமா ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டு சிலபஸ்லதான் இருக்கு, அப்போ கோச்சிங்குக்கு காசு கட்ட முடிஞ்ச பிள்ளைக்கு மட்டும் இது தெரியும், ஸ்ரீராம்புரத்துல இருந்து கவர்மெண்ட் காலேஜ் போற பிள்ளைக்குத் தெரியாது. உங்க மாணவர் பக்கத்துல ஒரு நாள் இதைப் போடுங்க, படம் நானே வரைஞ்சு தர்றேன்.

வாங்குறவங்களும் ஒண்ணு கவனிக்கணும். தங்கத்துக்குள்ள இருந்து அந்த 9.7 எக்ஸ்ரே வெளிய வரணும்னா மேற்பரப்புல இருந்து மில்லிமீட்டர்ல நூறுல ஒரு பங்கு ஆழம் வரைக்கும்தான், அதுக்குக் கீழ இருந்து கிளம்புறதைத் தங்கமே விழுங்கிடும். மேல கனமா முலாம் பூசி உள்ள வேற உலோகம் வச்சா மெஷின் 22 காரட்னுதான் காட்டும். பழைய நகை, கனமான வளையல்னா கொஞ்சம் சுரண்டி எடுத்து உருக்கிப் பாக்குற ஃபயர் அஸே டெஸ்ட் கேளுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு